பாட்டுப் போட்டால் ஏறும் பேட்டரி

மார்ச் 4, செவ்வாய்

ஆஸ்பத்திரி வாசலில் வண்டி கிளம்ப மறுத்தது. சாவியைத் திருப்பினால் கர்... கர்... என்று அரைத் தூக்கத்தில் எழுப்பப்பட்ட ஆள் மாதிரி முனகியது. நாலாவது தடவை பிடித்துக்கொண்டது.

பக்கத்து சீட்டில் இவர். மூக்கில் குழாய், மடியில் மெஷின். "கொஞ்சம் விட்டுத் திருப்பு, அவசரப்படாதே" என்கிறார். அவசரப்படாமல் என்ன செய்வது?

இவர் நுரையீரல் ரெண்டு வருடமாக இறுகிக்கொண்டே வருகிறது. வீட்டில் சுவர் ஓரமாக நிற்கும் பெரிய ஆக்சிஜன் மெஷின் ஒன்று. வெளியே போக, தோள்பை அளவில் சின்னது ஒன்று. பெரிய வீடு, சின்ன வீடு என்று இவரே பெயர் வைத்திருக்கிறார். "ரிடையர் ஆனப்புறம் ரெண்டு வீடு வெச்சிருக்கேன், தைரியம் யாருக்கு வரும்" என்று நர்ஸிடம் வேறு பீற்றிக்கொள்கிறார். சின்ன வீட்டின் சொந்த பேட்டரி தேய்ந்துபோய் இருபது நிமிடம் தாங்கினால் பெரிய விஷயம். புதிது கேட்டிருக்கிறோம், இதோ வருகிறது என்று மாதக்கணக்கில் சொல்கிறார்கள். அதுவரை, காரில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகித்தான் ஓட்ட வேண்டும். செவ்வாயும் வியாழனும் மூச்சுப் பயிற்சி, போக முக்கால் மணி நேரம், வர முக்கால் மணி நேரம்.

கார் நின்றால் மெஷின் நிற்கும். மெஷின் நின்றால்...

இன்று விரல் கிளிப்பில் ஆக்சிஜன் அளவு 91 காட்டியது. நல்ல எண்தான். அதையே பிடித்துக்கொண்டு தூங்கப் போகிறேன்.

மார்ச் 5, புதன்

காலையில் வண்டியை தெருமுனை ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். மெக்கானிக்குக் கண்ணாடி அவ்வளவு தடிமன், தெருவே சோடாபுட்டி என்றுதான் கூப்பிடுகிறது. அவனும் கோபித்துக்கொள்வதில்லை. மீட்டரின் சிவப்பு, கறுப்பு முனைகளை பேட்டரியில் வைத்துக் காட்டினான்.

"அக்கா, இஞ்சின் ஓடும்போது பதினாலு வோல்ட்டாச்சும் காட்டணும். அப்பதான் ஆல்டர்னேட்டர் கரண்டு உண்டாக்கி பேட்டரிய ஏத்துதுன்னு அர்த்தம். பாருங்க, பதினாலு புள்ளி ரெண்டு. அது தங்கம். உங்க பேட்டரிதான் கெழடு தட்டிடுச்சு."

புது பேட்டரி போட்டாயிற்று. சாவியைத் தொட்டதும் எகிறிக் கிளம்புகிறது. அப்பாடா.

மார்ச் 6, வியாழன்

வண்டி ராஜா மாதிரி ஓடியது. இவரும் குஷியில் இருந்தார் போல, பாதி வழியில் ரேடியோவைப் போட்டு சத்தத்தைக் கூட்டினார். எனக்கு லாரிக்காரன் ஹார்ன்கூடக் கேட்கவில்லை. "குறைங்களேன்" என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. வரும்போதும் அதே கச்சேரி.

ஆனால் ஆஸ்பத்திரியில் போய் இறங்கியதும் கிளிப்பில் 84.

நர்ஸ் கிளிப்பை வேறு விரலுக்கு மாற்றினாள். 84தான். டாக்டரம்மா வந்து சின்ன மெஷினை எடுத்துப்போய்ச் சோதித்தார்கள். அது சரியாக இருக்கிறதாம். வீட்டில் எவ்வளவு காட்டுகிறது என்று கேட்டார்கள். தொண்ணூறு, தொண்ணூற்றொன்று என்றேன்.

"வீட்ல நல்லா இருந்து, இவ்வளவு தூரம் வந்ததுக்கே இறங்குதுன்னா நல்லதில்லைம்மா. இப்படியே போனா உள்ள சேர்த்துதான் பாக்கணும்."

இவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். இவருடைய அண்ணனுக்கும் இதே வியாதி. அதே ஆஸ்பத்திரிக்குள் தன் காலால் நடந்து போனவர், திரும்பி நடந்து வரவில்லை. அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதே இல்லை.

மார்ச் 8, சனி

வேலையில் கவனம் இல்லை. பல் டாக்டரின் முன்மேசையில் உட்கார்ந்து நாள் முழுக்க "பயப்படாதீங்க, வலிக்கவே வலிக்காது" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறேன். எனக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லை.

நாத்தனார் போனில், "டாக்ஸியில போங்களேன் அண்ணி" என்றாள். போனோமே. மெஷினைச் சொருகியதும் டாக்ஸியின் ஃபியூஸ் போனது, டிரைவர் பாதி வழியில் இறக்கிவிட்டான். ஆம்புலன்ஸ் என்றால் இவர் முகம் செத்துவிடுகிறது. சிலிண்டரை வெயிலில் காரில் வைக்காதீர்கள் என்று மருந்துக்கடையில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் என் டிரைவிங்தான் கதி. நான் ஸ்டீயரிங் பிடித்ததே போன வருடம், இவரால் ஓட்ட முடியாமல் போன பிறகு. இன்னும் வலது பக்கம் திரும்பும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

என்ன எழுத. எங்கிருந்து எழுத.

காலையில் எல்லாம் நன்றாக இருந்தது. இவர் ரேடியோவைத் தொடவில்லை, டாக்டரம்மா பேச்சில் மனசு விட்டுப்போயிற்று என்று நினைத்தேன். மெஷின் உஸ், உஸ் என்று அடித்துக்கொண்டே வந்தது. கிளிப்பில் 90. டாக்டரம்மாவே "பரவாயில்லையே" என்றார்கள். திரும்பும்போது நான் பாடாத குறை.

மழை பிடித்தது. வைப்பர், ஹெட்லைட், ஏசி. ஊருக்கு வெளியே, ரெண்டு பக்கமும் குடோன் சுவர் மட்டுமே உள்ள ரோட்டில், முதலில் ஏசிக் காற்று தணிந்தது. பிறகு வைப்பர் கிழவி மாதிரி நகர்ந்தது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருக்கும் எச்சரிக்கை விளக்குகளெல்லாம் ஒரே சமயத்தில் மின்னின. வண்டி தானாக உருண்டு ஓரத்தில் நின்றுவிட்டது. சாவியைத் திருப்பினால் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மெஷின் தன் சொந்த பேட்டரிக்கு மாறியது. மாறியதும் பீப்.

இருபது நிமிடம். அதுவும் நல்ல மூடில் இருந்தால்.

கதவைத் திறந்து மழையில் நின்று கையை ஆட்டினேன். ஒரு வண்டி, ரெண்டு வண்டி, பஸ் ஒன்று, எல்லாம் என் மேல் தண்ணீரை அடித்துவிட்டுப் போயின. திரும்பிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் இவர், ஒன்றும் ஆகாதவர் மாதிரி, 'உள்ளே வா, நனையாதே' என்று சைகை காட்டுகிறார்! அய்யோ, எனக்கு வந்த ஆத்திரம். ரோட்டு நடுவுக்கே போய் நின்றேன். பால் வேன் ஒன்று கிறீச்சென்று நின்றது. டிரைவர் திட்டத்தான் இறங்கினான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கேபிள் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவன் பேட்டரியையும் எங்கள் பேட்டரியையும் கோர்த்து, கொஞ்ச நேரம் விட்டு, "இப்ப அடிங்கம்மா" என்றான். பிடித்துக்கொண்டது. "ஏசி, லைட்டு எதையும் போடாதீங்க, நேரா வீட்டுக்குப் போங்க" என்று சொல்லிவிட்டு, எங்களுக்குப் பின்னாலேயே மெயின் ரோடு வரை வந்தான். அவன் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து இவரைப் பெரிய வீட்டில் மாட்டிவிட்டு, பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 12, புதன்

சோடாபுட்டி மறுபடியும் மீட்டர் வைத்தான். 14.2. ஹெட்லைட் போட்டான், ஏசி போட்டான். 14.1. பெல்ட்டை அமுக்கிப் பார்த்தான், வயர்களை ஆட்டிப் பார்த்தான்.

"அக்கா, ஒண்ணுமே இல்லியே. உள்ள லைட்ட அணைக்காம விட்டிருப்பீங்க."

"ஓடிக்கிட்டு இருந்த வண்டி நின்னுச்சுப்பா! நானா லைட்ட விட்டேன்?"

கத்திவிட்டேன். பக்கத்து டீக்கடை திரும்பிப் பார்த்தது. அவன் பாவம், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி மீட்டரையே பார்த்தான். அதுவும் 14.2 என்றே சாதித்தது. பேட்டரியைக் கழற்றி சார்ஜில் போட்டுத் தருகிறேன் என்றான்.

மாலையில் சாக்கெட்டில் சொருகினால் வோல்ட் காட்டும் சின்ன மீட்டர் ஒன்றை நானே வாங்கி வந்தேன். சார்ஜ் ஏறிய பேட்டரியோடு வண்டியை எடுத்துக்கொண்டு தெருவைச் சுற்றி வந்தேன். 14.2. நாளைக்கு இதைப் பார்த்துக்கொண்டே ஓட்டலாம் என்று வீட்டு வாசலில் நிறுத்திய பிறகுதான் உறைத்தது. சாக்கெட் ஒன்றுதான் இருக்கிறது. அதில் மெஷின் இருந்தால் மீட்டர் இல்லை. மீட்டர் இருந்தால் இவர் இல்லை.

மார்ச் 13, வியாழன்

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வண்டி ஒரு தொந்தரவும் தரவில்லை. போகும்போதும் ரேடியோ, வரும்போதும் ரேடியோ, காது கிழிகிற சத்தம். வண்டி நின்றுவிடும், ரேடியோவை அணையுங்கள் என்று கெஞ்சினேன். "பாட்டுக்கெல்லாம் என்ன பெரிய கரண்டு" என்றார்.

மாலையில் வண்டியை சோடாபுட்டியிடம் கொண்டுபோய், பேட்டரியில் மீட்டர் வைத்துப் பார்க்கச் சொன்னேன். நன்றாக இருக்கிறதாம்.

இவர்தான் நன்றாக இல்லை. ஆஸ்பத்திரியில் இறங்கியதும் கிளிப்பில் 83. நகமெல்லாம் நீலம். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "செவ்வாய்க்கிழமை வாங்க. அன்னைக்கும் இப்படி இருந்தா அப்படியே பெட்ல போட்டுடலாம், துணியெல்லாம் எடுத்துட்டு வந்துடுங்க" என்றார்கள்.

துணியெல்லாம் எடுத்துட்டு.

மார்ச் 14, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. இவருடைய சட்டைகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். முடியவில்லை. மறுபடியும் பீரோவில் வைத்தேன். மறுபடியும் எடுத்தேன். இவர் அந்த அறையில் மெஷினோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நிம்மதியாக. 91. வீட்டில் உட்கார்ந்தால் 91, காரில் ஏறினால் 83. எனக்குத்தான் தலை வெடிக்கிறது.

காய் வாங்கப் போனவள் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்றுவிட்டேன். இந்த வண்டிக்கு ஒரு முறையும் கிடையாதா, ஒருநாள் சாகிறது, ஒருநாள் ஓடுகிறது என்று சோடாபுட்டியிடம் புலம்பினேன். அவன் கேட்டான், "நல்லா ஓடுற அன்னைக்கு என்ன வித்தியாசமா பண்றீங்க? யோசிச்சு சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல. ரேடியோ போடுவாரு."

"பாட்டு போட்டா பேட்டரி ஏறுமா அக்கா? நல்ல வண்டி!" சிரித்தான். நானும் சிரித்தேன்.

பாதித் தெருவில் சிரிப்பு நின்றுவிட்டது.

பாட்டுப் போட்ட நாள், வண்டி நன்றாக இருந்தது. இவர் 84, 83. பாட்டு இல்லாத நாள், வண்டி செத்தது. இவர் 91, 90. கரண்டு தின்கிற ஒன்றைப் போட்டால் பேட்டரி எப்படித் தேறும்? அதைவிடப் பெரிதாகக் கரண்டு தின்கிற ஒன்றை அணைத்தால் தேறும். வண்டியில் அப்படி என்ன இருக்கிறது, இவர் மடியில் இருப்பதைத் தவிர? அந்த உஸ், உஸ் சத்தம் நின்றால் நான் உடனே கேட்பேனே. கேட்காதபடி சத்தத்தைக் கூட்டி வைத்தால்?

கடவுளே. இந்த மனுஷன்.

இல்லை. நானாகக் கற்பனை செய்கிறேன். முதலில் வண்டியைப் பார்க்கிறேன். சோடாபுட்டி எப்போதும் வீட்டிலிருந்து ரெண்டு நிமிடம் ஓடி வந்த வண்டியில்தான் மீட்டர் வைக்கிறான். என் மீட்டரும் மெஷின் இல்லாத வண்டியைத்தான் பார்த்தது. ஆஸ்பத்திரி வரை சூடாக ஓடி, மெஷினையும் தூக்கிச் சுமக்கிற வண்டியை இதுவரை யாருமே பார்க்கவில்லை.

மார்ச் 15, சனி

நாத்தனாரை இவருக்குத் துணையாக உட்காரவைத்தேன். இவர் பெரிய வீட்டில் இருக்க, சின்ன வீட்டைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். "அதை எதுக்கு எடுத்துட்டுப் போற?" என்று கேட்டார். சர்வீஸ் என்றேன். பொய் சொல்ல எனக்கும் தெரியும்.

யாராவது மூச்சு இழுத்தால்தான் அந்த மெஷின் முழுசாக வேலை செய்யும். ஆகவே குழாயை என் மூக்கில் மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. ஏசி, ஹெட்லைட் எல்லாம் போட்டு, ஆஸ்பத்திரி பாதையிலேயே தன்னந்தனியாக ஓட்டினேன். சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் என்னைப் பார்த்துவிட்டுப் பரிதாபமாக வழிவிட்டார். வேறொரு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

குடோன் ரோட்டில் ஏசிக் காற்று சட்டென்று தணிந்தது. உடனே வண்டியைத் திருப்பினேன். வலது பக்கம்தான். மூச்சைப் பிடிக்கக்கூட நேரமில்லை. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று வண்டியோடு பேசிக்கொண்டே ஒர்க்‌ஷாப் வாசல் வரை வந்தேன்.

"தம்பி! இஞ்சினை அணைக்க மாட்டேன். சூட்டோடயே பாரு."

சோடாபுட்டி என் மூக்குக் குழாயைப் பார்த்தான். பிறகு பானெட்டைத் தூக்கினான். 12.3. நாங்கள் பார்க்கப் பார்க்க 12.2. பேட்டரிக்கு ஒன்றும் ஏறவில்லை, இருப்பதைத் தின்றுகொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவர் பிடியால் ஆல்டர்னேட்டரின் முதுகில் லேசாகத் தட்டினான். எண் குபுக்கென்று 14க்கு ஏறி, உடனே திரும்ப விழுந்தது.

"கெடச்சிடுச்சு அக்கா!" என்று கத்தினான். "உள்ள கார்பன் பிரஷ் தேஞ்சு கெடக்கு. ஆறியிருந்தா ஒட்டும், சூடாகி குலுங்கினா விட்டுடும். நான் தெனமும் ஆறின வண்டியவே பாத்து நல்லாருக்கு, நல்லாருக்குன்னு சொல்லிட்டிருந்திருக்கேன்."

ஆல்டர்னேட்டரைக் கழற்றி என் உள்ளங்கையில் அந்தப் பிரஷ்களை வைத்தான். பென்சில் முனை அளவுக்குத் தேய்ந்த ரெண்டு கரித்துண்டு. இதற்காகவா?

புது பிரஷ்ஷும் ரெகுலேட்டரும் போட்டு, அவனையே பக்கத்தில் உட்காரவைத்து மறுபடி குடோன் ரோடு வரை போய்த் திரும்பினேன். கொதிக்கிற சூட்டில், மெஷின் ஓடும்போது, 14.0.

பிறகு வீட்டுக்கு வந்தேன். நாத்தனார் போகும்வரை பொறுத்துக்கொண்டேன்.

"ஏங்க. கார்ல போகும்போது மெஷினை அணைச்சீங்களா?"

பேப்பரை மடித்தார். விரித்தார். "யாரு சொன்னா?"

"வண்டி சொல்லிச்சு."

பேப்பரைக் கீழே வைத்தார். பிறகு, "ஏசிக் காத்து தணியும். புது பேட்டரி போட்டும் தணிஞ்சுது. அப்பவே தெரிஞ்சுபோச்சு, கரண்டு பத்தலைன்னு. நடுரோட்ல நின்னா நீ என்ன பண்ணுவ? சும்மா ஓட்டும்போதே உனக்குக் கை நடுங்குது. நான் கொஞ்ச நேரம் சமாளிச்சுக்கிட்டா வண்டி போய்ச் சேந்துடும்ல. ஆஸ்பத்திரி கேட் வந்ததும் திருப்பிப் போட்டுக்குவேன்."

"அன்னைக்கு ஒருநாள் ஏன் அணைக்கல?"

"டாக்டர் உள்ள சேக்கணும்னு சொன்னாங்கல்ல. பயம் வந்துடுச்சு. அணைக்காம விட்டேன். நீ மழையில நின்ன."

"எங்கிட்ட சொல்லித் தொலைச்சா என்ன?"

"சொன்னா நீ பயந்துடுவ."

"நான் பயப்படாமலா இருந்தேன்! ராத்திரி பகலா செத்துக்கிட்டு இருக்கேன் நான். நீங்க போயிடுவீங்கன்னு துணி மடிச்சு வெச்சிருக்கேன், போய்ப் பாருங்க அந்த ரூம்ல!"

திட்டினேன். வாய்க்கு வந்ததையெல்லாம் திட்டினேன். இவர் எழுந்து, குழாய் எட்டும் வரை வந்து நின்றார். அதற்கு மேல் வர முடியவில்லை. மீதித் தூரம் நான் போனேன்.

மார்ச் 17, திங்கள்

எண் தேறினால், அணைத்ததுதான் காரணம். தேறாவிட்டால்? அணைத்தாலும் அணைக்காவிட்டாலும் நுரையீரல்தான் காரணமாக இருந்துவிட்டால்? ஆல்டர்னேட்டருக்குப் பிரஷ் மாற்றலாம்.

துணிப்பையைப் பிரிக்கவில்லை.

மார்ச் 18, செவ்வாய்

ரேடியோவுக்குத் தடை. மெஷின் வழி முழுக்க அடித்தது. ஒவ்வொரு உஸ்ஸையும் எண்ணாத குறை. குடோன் ரோட்டில் ஏசிக் காற்று அப்படியே இருந்தது. இவர் அதன் முன் உள்ளங்கையை நீட்டிக்கொண்டே வந்தார், நான் பார்க்காதது போல ஓட்டினேன்.

பை டிக்கியில்.

நர்ஸ் கிளிப்பை மாட்டினாள். எனக்கு அந்த எண்ணைப் பார்க்கத் தைரியம் இல்லை, சுவரில் இருந்த தீயணைப்புக் குறிப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தேன். "தொண்ணூத்தி ஒண்ணு" என்றாள்.

டாக்டரம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். இவரை ஒரு பார்வை பார்த்தார்கள் பாருங்கள், எனக்கே பாவமாகிவிட்டது. "உங்க நுரையீரலை வெச்சு கார் பேட்டரிய காப்பாத்தினீங்களா சார்?" வியாதி அப்படியேதான் இருக்கிறதாம், போகாது. ஆனால் நாங்கள் பயந்த வேகத்தில் ஓடவில்லை. சேர்க்கத் தேவையில்லை.

பையை அப்படியே திருப்பி எடுத்து வந்தேன்.

மார்ச் 20, வியாழன்

90. வண்டி 14.1. ரெண்டையும் ஒரே மூச்சில் சோடாபுட்டியிடம் சொன்னேன். ரெண்டுக்கும் தலையாட்டினான்.

மார்ச் 27, வியாழன்

பயம் போய்விட்டது என்று எழுத ஆசை. போகவில்லை. சிக்னலில் பக்கத்து லாரி பிரேக் பிடித்து உஸ்ஸென்றால்கூட இவர் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 3, வியாழன்

பயிற்சி முடித்துத் திரும்பும்போது, குடோன் ரோடு தாண்டியதும், இவர் பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குத் திக்கென்றது. ஓரமாக நிறுத்திப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருக்க, தலை ஜன்னல் பக்கம் சாய்ந்திருக்க, தூங்கிக்கொண்டிருந்தார். காரில் இவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. இத்தனை நாளும் என் டிரைவிங்கைக் காவல் காக்கிறார் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மெதுவாகக் கிளப்பி ஓட்டினேன். எங்கள் தெரு வந்தது. வீடு வந்தது. இஞ்சினை அணைத்தால் விழித்துக்கொள்வார். அணைக்கவில்லை. நேராகப் போய், பள்ளிக்கூடம் தாண்டி, பெட்ரோல் பங்க் தாண்டி, இதுவரை நான் ஓட்டிப் போகாத பெரிய ரோட்டில் ஏறினேன்.

ரொம்ப நேரம் கழித்துக் கண்ணைத் திறந்தார்.

"வீடு தாண்டிடுச்சா?"

"எப்பவோ தாண்டிடுச்சு. தூங்குங்க" என்றேன்.